இருட்டில் வைத்த கப்பல்

மெற்றில்டா டீச்சர் தாழ்வாரத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தொட்டில் கயிற்றின் ஒரு முனையைக் கால் பெருவிரலில் சுற்றியிருந்தாள். பிள்ளை சிணுங்கினால் கால் ஆடும். கை மட்டும் நிற்காது.

இஞ்ஞாசி தண்டல் வாசலில் வந்து நின்றார். தார்ப்பாயில் சுற்றிய ஒரு பொட்டலத்தை இரண்டு கையிலும் ஏந்தியிருந்தார். செத்த பிள்ளையைத் தூக்கி வருகிறவர் மாதிரி இருந்தது அவர் நின்ற விதம்.

உள்ளே வரச் சொன்னாள் டீச்சர். அவர் செருப்பைக் கழற்றினார். மறுபடி போட்டார். மறுபடியும் கழற்றினார்.

“உட்காருங்க அண்ணாச்சி.”

“உட்காரல டீச்சர். சொல்லிட்டுப் போயிடுறேன்.”

ஆனால் சொல்ல வாய் வரவில்லை.  பொட்டலத்தைக் கீழே வைக்கவும் பயம், கையில் வைத்திருக்கவும் பயம்.

அந்தப் பயம் அன்றைக்கு வந்ததில்லை. அது வந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும்.

இஞ்ஞாசி தோணித் தண்டலாக இருந்தவர். தோணி என்றால் ஆற்றைக் கடக்கிற தோணி இல்லை. தூத்துக்குடியிலிருந்து உப்பு, செங்கல், வெங்காயம் எல்லாம் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிற பெரிய மரக்கப்பல். அதை நடத்துகிறவர்தான் தண்டல். கரையில் அவர் சாதாரண மனுசன். தோணியில் ஏறிவிட்டால் அத்தனை ஆளுக்கும் அவர் வாக்குதான் வேதம்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் லாசர், மீசை அரும்பியவன். இளையவள் ஜெனோவா, அப்போது பால்பல் விழுந்துகொண்டிருந்தது.

லாசரைத் தோணியில் ஏற்றியது அவர்தான். பெண்டாட்டி பிலோமி வேண்டாம் என்றாள். தண்டல் வீட்டுப் பிள்ளை கடலுக்குப் போகாமல் கடலை விற்கவா போகும் என்று அவளைக் கேலி பண்ணிவிட்டு அவனைக் கூட்டிப்போனார். பாதி வழியில் ஒரு அலை வந்தது. தளத்தில் நின்ற எல்லாரும் தலையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். லாசர் மட்டும் எழவில்லை. அவன் அங்கே இல்லை.

சுக்கான் அவர் கையில்தான் இருந்தது.

அதோடு கடலுக்குப் போவதை விட்டார். கடலை விட்டாரே தவிர பயம் அவரை விடவில்லை. அலையில் ஆரம்பித்த பயம் கரையேறி வீட்டுக்குள் வந்தது. ஜெனோவா கடற்கரைக்குப் போகக் கூடாது என்றார். அப்புறம் கோயில் திருவிழாவுக்குப் போகக் கூடாது, கூட்டம். அப்புறம் தெருவில் பாண்டி விளையாடக் கூடாது, லாரி வருகிறது. பள்ளிக்கூட வேன் ஒன்று எங்கேயோ குப்புறக் கவிழ்ந்ததாகக் கேள்விப்பட்ட அன்றைக்குப் பள்ளிக்கூடமும் நின்றது. பிள்ளை நடு அறையில் ஒரு துணிப் பொம்மையோடு இருந்தாள்.

பிலோமி வாயை மூடாதவள். கோழிக்குஞ்சைக்கூடக் காலையில் கூடையைத் தூக்கி வெளியே விடுவார்கள், இந்த மனுசன் பெத்த பிள்ளைமேல் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார் என்று தெருவுக்கே கேட்கச் சொல்வாள்.  ஒருத்தனைக் கொடுத்தாச்சு. இருக்கிற ஒருத்திக்கு ஒன்றும் ஆகக் கூடாது. காலையில் கண் திறந்தால் இஞ்ஞாசிக்கு அதுதான் நினைப்பு, கண் மூடினாலும் அதுதான்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் அரிசி மண்டிக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

ஒரு வீட்டுச் சன்னல் திறந்திருந்தது. உள்ளே சுவரில் கடல். கப்பல் ஒரு பக்கமாய்ச் சாய்ந்துகிடந்தது. அதன் தலைக்குமேல் ஒரு அலை பனைமர உயரத்துக்கு எழும்பி நின்றது. இஞ்ஞாசி சைக்கிள் பாரைப் பிடித்துக்கொண்டார். அலை இப்போது விழும், இப்போது விழும் என்று நின்றார். அது விழவில்லை. எவ்வளவு நேரம் நின்றும் விழவில்லை. சட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்ட கடலை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

மறுநாளும் அந்தத் தெரு வழியாகவே போனார்.

அது மெற்றில்டா டீச்சர் வீடு. அவள் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. அவர்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக ஏலக்கடை. வெள்ளைக்காரர்கள் ஊரைவிட்டுப் போன காலத்தில் பங்களாச் சாமான்கள் எல்லாம் அந்தக் கடைக்கு வந்தன. கட்டிலும் மேசையும் கடிகாரமும் விலைபோயின. எண்ணெய்ச் சாயத்தில் வரைந்த கப்பல் படங்களைச் சட்டத்துக்காக மட்டும் வாங்கினார்கள். கடலைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த நல்ல மரச்சட்டத்தில் மாதா படத்தையோ முகம் பார்க்கிற கண்ணாடியையோ போட்டுக்கொண்டார்கள். எறிந்த கடலை எல்லாம் டீச்சருடைய தாத்தா பொறுக்கி வைத்தார். நூற்றைம்பது வருசத்துக்கு முன்னால் சீமையில் வரைந்த படங்கள் அவை. டீச்சர் தலையெடுத்த பிறகு அந்தப் படங்களைப் பற்றிப் படித்தாள். கொடைக்கானலுக்கும் கொச்சிக்கும் போய் இன்னும் தேடி வாங்கினாள். அவளைப் போலச் சேர்க்க ஆசைப்பட்டவர்கள் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வந்தார்கள். அவர்கள் வைத்த பெயர்தான் டீச்சர்.

இஞ்ஞாசிக்கு அவளிடம் போய்க் கேட்க முதலில் கூச்சமாக இருந்தது. அவர் கல்யாணத்தில் பூக்கூடை தூக்கிக்கொண்டு முன்னால் நடந்த சின்னப் பிள்ளை அவள். ஆனாலும் கேட்டார். அவளும் சரி என்றாள்.

முதல் பாடம், ஒரு படம் கைக்கு வந்தால் உடனே திருப்ப வேண்டும். முகத்தை அப்புறம் பார்க்கலாம், முதுகைத்தான் முதலில் பார்க்க வேண்டும். துணி எப்படி, ஆணி எப்படி, சட்டத்தின் மூலை எப்படி. ஏன் என்று கேட்டார். பெண் பார்க்கப் போனால் மாப்பிள்ளை பெண்ணைப் பார்ப்பான், அவன் அம்மா அடுப்படியைப் பார்ப்பாள், அது மாதிரி என்றாள் டீச்சர். இஞ்ஞாசி சிரித்துவிட்டார். லாசர் போன பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

இரண்டாவது பாடம் கயிறு. அந்தக் காலத்துப் படக்காரர்கள் கப்பல் தலைவர்களுக்காக வரைந்தார்கள். ஒரு கயிறு இடம் மாறியிருந்தாலும் தலைவன் படத்தைத் தொட மாட்டான். இதில் இஞ்ஞாசிக்குப் பாடமே வேண்டியிருக்கவில்லை. கொச்சியிலிருந்து வந்த ஒரு படத்தைப் பார்த்ததுமே, பாய் ஒரு காற்றுக்குப் புடைத்திருக்கிறது, கொடி வேறு காற்றுக்குப் பறக்கிறது, இதை வரைந்தவன் கட்டைவண்டியைத் தவிர எதிலும் ஏறியிருக்க மாட்டான் என்றார். அது போலிப் படம்தான்.

கண் சரியாக இருந்தது. கைதான் சரியில்லை. படத்தை வாங்கினால் அவர் கை நடுங்கும்.

ஐப்பசி பிறந்து வானம் மூடியது. அன்றைக்குப் பாடம் முடிந்தும் இஞ்ஞாசி எழுந்து போகவில்லை.

“டீச்சர், ஒரு பொருளை எப்படிக் காப்பாத்துறது?”

“எந்தப் பொருளை?”

“பொதுவாத்தான் கேட்கேன்.”

 டீச்சர் உள்ளே போய்ச் சுவரிலிருந்து ஒரு சின்னப் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

காலை வெளிச்சத்தில் ஒரு கப்பல் துறையைவிட்டுக் கிளம்புகிற படம். பின்னால் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளைப் பாறைகள். பாய் எல்லாம் விரிந்து நிறைந்திருந்தது. தளத்தில் பெரிய பாய்க்கு முன்னால் ஒரு பிள்ளை நின்றது. உளுந்து அளவுகூட இல்லாத பிள்ளை. வெள்ளைப் பாய், அதற்கு முன்னால் வெள்ளைக் கவுன். படக்காரன் பாயில் ஒரு துளி சந்தன நிறத்தைக் கலந்திருந்தான். கவுனில் மட்டும், வெளுத்த துணிக்கு நீலம் போடுவது மாதிரி, ஒரு துளி நீலம். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தில்தான் அந்தப் பிள்ளை உயிரோடு நின்றது. கப்பல் தலைவனின் மகளாக இருக்கும் என்றாள் டீச்சர். அப்போதெல்லாம் சிலர் குடும்பத்தையும் கப்பலில் கூட்டிப்போவார்களாம்.

“மழைக்காலம் முடியுற வரைக்கும் இது உங்க வீட்டுல இருக்கட்டும்.”

“என்கிட்டயா? வேண்டாம் டீச்சர்.”

“அண்ணாச்சி கேட்டீங்கள்ல.”

படத்தை வாங்கிக்கொண்டு அவர் நடந்துதான் வீட்டுக்குப் போனார். சைக்கிளை மறுநாள் வந்து எடுத்துக்கொண்டார்.

முதலில் முன்னறைச் சுவரில் மாட்டி, டியூப் லைட்டைப் போட்டார். ஜெனோவா நாற்காலியில் ஏறி மூக்கு ஒட்டுகிற மாதிரிப் பார்த்தாள். வந்த உடனே அந்தப் பிள்ளையைக் கண்டுபிடித்துவிட்டாள். பாப்பா, பாப்பா என்றாள். பாப்பாவுக்கு என்ன பெயர், அவள் எந்த ஊருக்குப் போகிறாள், கப்பலில் அவள் எங்கே தூங்குவாள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு வீட்டில் பிள்ளைச் சத்தம் கேட்டது.

சாயந்திரம் சுவரில் ஒரு பல்லி ஓடியது.

பல்லி எச்சம் போட்டால்? இஞ்ஞாசி படத்தை இடம் மாற்றினார். மாற்றிய இடத்தில் அடுப்புப் புகை வருமோ என்று தோன்றியது. அதற்குப் பிறகு ஓட்டைப் பார்த்தார், ஒழுகினால்? கடற்காற்றை நினைத்தார், உப்பு. அவர்களுடைய கல்யாண போட்டோ வாசலுக்கு எதிரே தொங்கியது. வெளிச்சம் பட்டுப் பட்டு அதில் பிலோமியின் முகமே வெளுத்துப் போயிருந்தது.  வெளிச்சமும் ஆகாது.

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள்.

அன்றைக்கே படத்தைக் கழற்றினார். பழைய வேட்டியில் சுற்றினார், அதன்மேல் தார்ப்பாய். லாசருடைய தகரப் பெட்டியைக் காலி பண்ணி அதற்குள் வைத்துப் பூட்டினார். பெட்டியை நடு அறையில் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். பகலில்கூட விளக்குப் போடாமல் அந்த அறையில் ஆளுக்கு ஆள் முகம் தெரியாது.

பிலோமி சும்மா இருப்பாளா? கடலுக்குப் பயந்து கடல் படத்துக்குப் பூட்டுப் போட்ட ஆம்பளையை இந்தத் தெருவில்தான் பார்க்கலாம் என்றாள். அவர் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார்.

பாப்பாவைக் காட்டச் சொல்லி ஜெனோவா கேட்டாள். மழை விடட்டும் என்றார். மழை விட்ட அன்றைக்குக் கேட்டாள். காற்று ஈரமாக இருக்கிறது என்றார். அப்புறம் சில தடவை கேட்டாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். கடற்கரையைப் பற்றிக் கேட்பதை எப்போதோ விட்டிருந்தாள். அவள் இப்போது பேசுவதே கிசுகிசு என்றுதான். வெளியே வாளி விழுந்தால் தூக்கிவாரிப்போடும் அவளுக்கு. சொன்ன சொல் கேட்கிற பிள்ளை என்று இஞ்ஞாசி நினைத்தார். அப்படி நினைத்தபோதும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இடறியது. அது என்னவென்று அவர் பார்க்கவில்லை.

தை பிறந்து வானம் வெளிவாங்கியது. படத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துப் பூட்டைத் திறந்தார். தார்ப்பாய் காய்ந்துதான் இருந்தது. வேட்டியில் ஒரு பூச்சி அரிப்பு இல்லை. அப்பாடா என்று பெருமூச்சு விட்டுக்கொண்டே பிரித்துக் கொண்டுபோய் டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்தார்.

வெள்ளைப் பாறை மஞ்சளாகக் கிடந்தது. வானம் மஞ்சள். பாய் எல்லாம் காமாலை கண்ட கண் மாதிரி மஞ்சள். கிழிசல் இல்லை, கறை இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. கப்பல் இருந்தது, கயிறு எல்லாம் இருந்தது. பாய்க்கு முன்னால் அந்தப் பிள்ளை மட்டும் இல்லை.

துடைத்துப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். மஞ்சள் கவுனும் மஞ்சள் பாயும் ஒன்றாகிவிட்டன. தளம் காலியாக இருந்தது.

 மறுபடியும் அவர் கையில்தான். மறுபடியும் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

ஜெனோவா வந்து பக்கத்தில் நின்றாள். அவள் வந்ததே தெரியவில்லை, அவ்வளவு சத்தமில்லாத பிள்ளையாகிவிட்டாள்.

“அப்பா, பாப்பா எங்க?”



பிலோமி எட்டிப் பார்த்தாள். அவளும் அன்றைக்குக் கேலி பண்ணவில்லை. சட்டம் போடுகிற கண்ணாடிக் கடைக்காரர் பழைய படத்துக்கெல்லாம் உருளைக்கிழங்கை அறுத்துத் தேய்ப்பார், அழுக்கெல்லாம் போய்ப் புதுசாகிவிடும் என்றாள். அவளே ஒன்றை அறுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். இஞ்ஞாசி அதை வாங்கினார். பெரிய பாயின்மேல், பிள்ளை நின்ற இடத்துக்கு நேரே கொண்டுபோனார்.

“தேய்க்காதீங்கப்பா,” என்றாள் ஜெனோவா, கிசுகிசுப்பாக. “அவ அடியில இருந்தா?”

கை அந்தரத்தில் நின்றுவிட்டது. உருளைக்கிழங்கின் தண்ணீர் அவர் முழங்கை வரைக்கும் வழிந்தது.

மறுபடி வேட்டியைச் சுற்றி, தார்ப்பாயைச் சுற்றி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தெருவில் இறங்கினார். அப்படி வந்து நின்றதுதான் டீச்சர் வீட்டு வாசலில்.

எல்லாவற்றையும் எப்படியோ சொல்லி முடித்தார். சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கடைசியில், என்ன தண்டனை சொன்னாலும் சரி, இனி உங்கள் வாசல் மிதிக்க மாட்டேன் என்றார்.

டீச்சர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பொட்டலத்தைப் பிரித்தாள். முதலில் திருப்பி முதுகைப் பார்த்தாள். அப்புறம் முகத்தைப் பார்த்தாள்.

“உருளைக்கிழங்கு பட்டுச்சா?”

“இல்ல.”

“எங்க வச்சிருந்தீங்க?”

“பெட்டியில.”

“பெட்டி எங்க இருந்துச்சு?”

“நடு அறையில. கட்டிலுக்கு அடியில.”

“அந்தக் கட்டில்ல யார் படுக்கிறா?”

“பிள்ளைதான்.”

டீச்சர் எழுந்து, தாழ்வாரத்துச் சுவரில் காலண்டர் மாட்டியிருந்த ஆணியிலிருந்து காலண்டரை எடுத்துவிட்டுப் படத்தை மாட்டினாள். நேர் வெயில் படாத இடம், ஆனால் காலையிலிருந்து சாயந்திரம் வரைக்கும் வெளிச்சம் இருக்கும். முற்றத்துக் காற்று வந்து போகும். பக்கத்திலேயே துணி காயப்போடுகிற கொடி.

“நாளைக்கு வாங்க அண்ணாச்சி. வந்து வெங்காயம் உரிங்க.”

இஞ்ஞாசிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் மறுநாள் வந்தார். முறத்தை வாங்கிக்கொண்டு படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அதைத் திரும்பிப் பார்க்கப் பயம். காக்கை வந்து ஓட்டில் உட்கார்ந்தால் எழுந்து நிற்பார். ஈரத்துணி காற்றில் படபடத்தால் எழுந்து நிற்பார். வெளியில் வைக்க வேண்டாம் என்று டீச்சரிடம் கெஞ்சினார். அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, உரித்த வெங்காயத்தில் தோல் இருக்கிறது பாருங்கள் என்றாள்.

டீச்சரின் மாமியார் பொல்லாத கிழவி. மாலத்தீவுக்கு மூட்டை மூட்டையாக வெங்காயம் ஏற்றிப் போனபோது உரிக்காமல் விட்ட பாவத்தை இப்போது உட்கார்ந்து தீர்க்கிறார் தண்டல் என்றாள். அவர் அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

ஒரு தடவை டீச்சர், ஜெனோவாவையும் கூட்டி வரலாமே என்றாள். தெருமுனையில் லாரி திரும்புகிறது என்றார் இஞ்ஞாசி. அவள் அதோடு விட்டுவிட்டாள்.

வீட்டுக்குப் போனால் ஜெனோவா கேட்கிற கேள்வி ஒன்றுதான், பாப்பா வந்துட்டாளா? அதைக் கேட்பதற்காகவே கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பாள். அவர் இல்லை என்பார். அவள் போய்க் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், காய்ச்சல் இருக்காது. காய்ச்சல் இருந்திருந்தால்கூட அவருக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது. மருந்து வாங்கலாம்.

வெங்காயம் தீர்ந்து புளி கொட்டை எடுத்தார். புளி தீர்ந்து முருங்கைக்கீரை உருவினார். மாசி பிறந்தது.

ஒரு நாள் காலையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். டீச்சர் கொடியில் பிள்ளையின் அணையாடைத் துணிகளை உலர்த்திக்கொண்டிருந்தாள். ஒரு பூண்டுத் தோல் காற்றில் பறந்து பின்பக்கம் போனது. படத்தின்மேல் ஒட்டிவிடுமோ என்று பதறித் திரும்பினார்.

பாறை வெள்ளையாக இருந்தது.

வானத்தின் ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள் பாக்கி இருந்தது. பாய் சந்தன நிறத்துக்கு வந்திருந்தது. பெரிய பாய்க்கு முன்னால், நீலம் போட்டு வெளுத்த ஒரு துளி வெள்ளை.

இஞ்ஞாசி முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தார். கிட்டே போனார். பிள்ளை அங்கேயே நின்றது. எங்கேயும் போயிருக்கவில்லை.

அவர் தோள் குலுங்குவதை டீச்சர் பார்த்தாள்.

“என்ன அண்ணாச்சி?”

“வெங்காயம்,” என்றார் முகத்தைத் துடைத்துக்கொண்டே.

“இன்னைக்குப் பூண்டுல்லா உரிக்கிறீங்க.”

அவர் சிரிக்கவும் செய்தார், அழவும் செய்தார். கொஞ்சம் அடங்கிய பிறகு கேட்டார்.

“என்ன மருந்து போட்டீங்க டீச்சர்?”

“நான் தொடவே இல்லையே. உங்க முதுகுக்குப் பின்னாலதான இருந்துச்சு.”

“பின்ன எப்படி?”

“எண்ணெய்ச் சாயம் இருட்டுல கிடந்தா மஞ்சளாகும். வெளிச்சத்துல வச்சா தானா வெளுக்கும்.”

“போட்டோ வெளிச்சம் பட்டா அழிஞ்சில்லா போகுது?”

“இது போட்டோ இல்லையே.”

 வேறொரு பயம் மெல்ல அவர் முகத்தில் ஏறியது.

“இன்னும் கொஞ்ச நாள் பெட்டியில இருந்திருந்தா?”

“வெளுக்கவும் இன்னும் கொஞ்ச நாள் ஆகியிருக்கும்.”

“வருசக்கணக்கா இருந்திருந்தா? வெளுக்காமலே போறதும் உண்டா?”

டீச்சர் கொடியில் கிடந்த துணியின் சுருக்கத்தை நீவினாள். 

அவர் சட்டென்று, படத்தைத் தன்னிடமே இன்னும் ஒரு தடவை கொடுக்க வேண்டும் என்று கேட்டார். இந்தத் தடவை பெட்டி இல்லை, பூட்டு இல்லை, வெளிச்சத்தில் மாட்டி வைக்கிறேன், ஜெனோவா பார்க்க வேண்டும் என்றார்.

“கொண்டு போங்க. எங்க மாட்டப் போறீங்க?”

“முன்னறையில,” என்றார் உடனே.

சொன்ன பிறகு யோசித்தார். முன்னறைச் சன்னல் கடலைப் பார்த்தது. அதற்குக் குறுக்கே அவர்தான் பலகை வைத்து ஆணி அடித்திருந்தார். லாசர் போனதிலிருந்து வாசல் கதவும் சாத்தியே கிடந்தது. சமையலறைச் சன்னல் சின்னது, பிள்ளை எட்டிப் பார்க்கிறாள் என்று அதில் தகரம் அடித்தாயிற்று. பின்கதவைத் திறந்தால் நல்ல வெளிச்சம் வரும், ஆனால் அங்கே கிணறு இருக்கிறது, அந்தக் கதவில் பூட்டு. நடு அறைக்குச் சன்னலே கிடையாது.

மனதுக்குள்ளேயே வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். மறுபடியும் சுற்றினார். ஒரு உள்ளங்கை அகலம் சுவர்கூடக் கிடைக்கவில்லை.

படத்தை வாங்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். 

“டீச்சர்,” என்றார். “எங்க வீட்டுல சன்னல் எல்லாம் அடைச்சாச்சு. பின்கதவுலயும் பூட்டு.”

 டீச்சர் கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

“சாவி எல்லாம் உங்ககிட்டதான இருக்கு அண்ணாச்சி?”

அவர் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தலையை ஆட்டினார்.

உள்ளே பிள்ளை வீறிட்டது. ஏட்டி மெற்றில்டா, பிள்ளை முழிச்சிட்டான் என்று மாமியார் குரல் கொடுத்தாள். டீச்சர் ஈரக் கையை உதறிக்கொண்டே நடந்தாள். நடந்துகொண்டே சொன்னாள்.

“படம் இங்கயே இருக்கட்டும், அதுக்கு இங்க ஒரு குறையும் இல்ல. நீங்க இப்பவே வீட்டுக்குப் போய், அந்தப் பின்கதவை நல்லாத் திறந்து வச்சு, முதல்ல ஜெனோவாவை வெளிச்சத்துக்குக் கூட்டிட்டு வாங்க.”